கழலை தந்த கருவி

மக்கட்கும் விலங்குகட்கும் நோய் வருதல் போலவே மரஞ்செடிகட்கும் நோய் வரும். இலை சுருளுதல், தண்டு அழுகுதல், காய் வெம்பி உதிர்தல் முதலியவற்றை உழவர் நன்கறிவர். திராட்சை, வாதுமை, ரோசா முதலியவற்றை வளர்ப்போர் கண்டு வருந்தும் நோய் ஒன்று உண்டு. தண்டும் வேரும் கூடும் இடத்தில், மண்ணை ஒட்டினாற்போல, முதலில் பட்டாணி அளவில் ஒரு புடைப்புத் தோன்றும். நாளடைவில் அது பருத்து, மேலெல்லாம் கரடுமுரடாகிக் கட்டைபோல இறுகிவிடும். இதனைக் கழலைநோய் என்பர். கழலை கண்ட செடி உடனே மடிந்துவிடுவதில்லை. ஆயினும் கிளைக்கும் காய்க்கும் செல்லவேண்டிய நீரும் உணவும் கழலையிலே செலவாதலால், செடி மெலிந்து காய்ப்புக் குன்றும்.

கண்டார் அருவருக்கும் இக்கழலையினின்றே, ஓர் உயிரின் பண்பை மற்றோர் உயிருக்குள் கொண்டு சேர்க்கும் கருவி மனிதனுக்குக் கிட்டியது. அது கிட்டிய வரலாறும், அக்கருவி செய்ய மறுத்த ஒரு வேலையை அதனிடம் வாங்குதற்கு ஆராய்ச்சியாளர் பட்ட பாடும் அறியத்தக்கன.

அமெரிக்க ஐக்கிய நாட்டு வேளாண்மைத் துறையில் எர்வின் சுமித் என்னும் அறிஞர் பணியாற்றி வந்தார். அவரும் டவுன்செண்டு என்பாரும் சாமந்தி இனத்துப் பூச்செடி ஒன்றன் கழலையினின்று ஒருவகைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். அதனை ஊசிமுனையால் நல்ல செடியின் தண்டில் குத்தி ஏற்றினர். ஏற்றிய இடத்தில் கழலை எழுந்தது. 1907-ஆம் ஆண்டில் அவர்கள் இம்முடிபை வெளியிட்டனர். மண்ணில் வாழும் அந்நுண்ணுயிர், களைக்கொட்டுப் பட்ட காயம், ஒட்டுக்கட்டுவோர் செய்த வெட்டு முதலிய வாயில்களின் வழியே செடிக்குள் இடம் பிடிக்கின்றது என்பது தெளிவாயிற்று. இன்று அதற்கு அக்ரோபாக்டீரியம் டுமிபேசியன்ஸ் என்று பெயர். முன்மொழி வயலைக் குறிக்கும். பின்மொழி கழலை செய்வது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லாகும்.

நோய்க்குக் காரணம் கண்டாயிற்று. நோய் நடக்கும் வகை விளங்கவில்லை. பாக்டீரியா செடிக்குள் தங்கி ஓயாது தூண்டுவதனால் கழலை வளர்கின்றதா? அன்றி, ஒருமுறை தூண்டிவிட்டபின் கழலை தானே வளர்கின்றதா? ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர்மின் பிரான் என்பார் 1940-க்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டு வீட்டு முற்றங்களில் நித்தியகல்யாணி எனப் பெயர் பெற்று என்றும் பூத்து நிற்கும் செடியையே அவர் இதற்குத் தெரிந்தெடுத்தார். அதற்குக் காரணம் உண்டு. அச்செடி 46, 47 பாகை சென்டிகிரேடு வெப்பத்தைச் சில நாள் பொறுத்துக்கொள்ளும். கழலைப் பாக்டீரியாவோ அவ்வெப்பத்தில் மடிந்துவிடும். ஆகவே, செடிக்கு ஊறு நேராமல் உள்ளிருக்கும் கிருமியை மட்டும் வேண்டிய நேரத்தில் கொல்லுதற்கு அவருக்கு வழி பிறந்தது.

அவர் செடிகளைக் காயப்படுத்திப் பாக்டீரியாவை ஏற்றினார். சில செடிகளை உடனடியாகவும், சிலவற்றைச் சற்றுக் கழித்தும், சிலவற்றைச் சில நாள் சென்றபின்பும் வெப்பத்தில் வைத்தார். மிக விரைவில் கிருமி மடிந்த செடிகளில் கழலை தோன்றவில்லை. சில நாள் சென்றபின் மடிந்தவற்றிலோ, கிருமி ஒன்றுகூட எஞ்சாத நிலையிலும், கழலை வளர்ந்துகொண்டே போயிற்று. கொள்ளி வைத்தவன் ஓடிப்போன பின்னும் கூரை எரிவது போன்றது இது. கழலையின் ஒரு துணுக்கை வெட்டிக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தபோதும் அது பெருகிற்று. நல்ல செடியின் துணுக்குக் குடுவையில் வளர வேண்டுமாயின் வளர்ச்சியூக்கிப் பொருள்களை நாம் ஊட்டவேண்டும். கழலைத் துணுக்குக்கு அவையும் வேண்டியிருக்கவில்லை. செடியின் செல்லுக்குள்ளே ஏதோ ஒன்று நிலையாகப் புகுத்தப்பட்டுவிட்டது என்று பிரான் கருதினார். அது யாது என்று சொல்ல அவரால் இயலவில்லை. எனினும் அதற்குக் 'கழலை தூண்டும் பொருள்' என்று 1947-இல் பெயர் மட்டும் இட்டுவைத்தார். பொருளைக் காணுமுன் பெயரிடுதல் நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆயினும் பின்வந்தோர் தேடவேண்டியது இன்னதென அப்பெயரே அவர்கட்குக் காட்டிற்று.

பின்னர்ப் பிரெஞ்சு நாட்டில் ஜார்ஜ் மோரல் என்பாரும் அவர் குழுவினரும் மற்றொரு வியப்பைக் கண்டனர். நல்ல செடியில் காணப்படாத சில பொருள்கள் கழலையில் உண்டாகின்றன. அவை இன்னவை என்பது செடியின் வகையைப் பொறுத்ததன்று. நோய் செய்த பாக்டீரியாவின் வகையைப் பொறுத்தது. அப்பொருள்களை உண்டு செரிக்கும் வல்லமையும் அந்தந்தப் பாக்டீரியாவுக்கே உண்டு. செடியின் உழைப்பைக் கொண்டு தனக்கு மட்டும் உதவும் உணவை அது சமைப்பித்துக்கொள்கிறது! சமைக்கும் முறையை அது செடிக்கு எவ்வாறு கற்பித்தது?

இங்கே டி.என்.ஏ.யைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். உயிர்களின் பண்புகளெல்லாம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளன. தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. உயிரின் நெடுங்கணக்கிலோ நான்கே. நான்கு வேதிப்பொருள்கள் மாறி மாறி நின்று இலட்சக்கணக்காகவும் கோடிக்கணக்காகவும் தொடர்ந்து எழுத்துப்போல் அமைகின்றன. ஒரு பண்புக்குரிய வாசகத்தை மரபணு என்கிறோம். அவ்விழை இரட்டைப் புரியாக முறுக்கப்பட்ட கயிறு போன்றது. சூடேற்றினால் புரிகள் பிரியும். ஆறவிட்டால், தமக்கு இணையான புரியைத் தேடி மீண்டும் கூடும்.

பாக்டீரியாவின் டி.என்.ஏ. கழலைக்குள் இருக்கின்றது என்று சிலர் அறிவித்தனர். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாசிங்டன் பல்கலைக் கழகத்தில் மேரி டெல் சில்டன் என்னும் அம்மையார், யூஜின் நெஸ்டர், மில்டன் கார்டன் என்போருடன் கூடி இதனை ஆராய்ந்தார். புரிகள் கூடும் விரைவை அளந்து பார்க்கும் நுட்பத்தில் அவர் தேர்ந்தவர். அளந்து பார்த்ததில் கழலைக்குள் பாக்டீரியாவின் டி.என்.ஏ. காணப்படவில்லை என்றே 1974-இல் அவர் குழு எழுதிற்று. அதே ஆண்டில் பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகரில் ஜெப் ஷெல், மார்க் வான் மாண்டகு என்போரின் குழுவினர், கழலை செய்யும் பாக்டீரியாக்களுள் முதன்மையான டி.என்.ஏ.யின் வேறாக ஒரு பெரிய வளையம் இருப்பதையும், கழலை செய்யாதவற்றில் அவ்வளையம் இல்லாமையையும் கண்டறிந்தனர். இத்தகைய வளையத்தைப் பிளாஸ்மிட் என்பர். ஏறத்தாழ 2 இலட்சம் எழுத்திணைகள் கொண்டது அது.

'இல்லை' என்று தாமே எழுதிய ஒன்றைச் சில்டன் மீண்டும் தேடத் தொடங்கினார். முழு வளையத்தையும் கழலையின் டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டு நோக்கினால் அதன் சிறு பகுதி அங்கு இருப்பினும் தெரியாமற் போகலாம். நெல்மூட்டைக்குள் ஒரு கைப்பிடி எள் கிடந்தால் எடை காட்டுமா? ஆகவே வளையத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கழலையின் டி.என்.ஏ.யோடு சேர்த்துப் புரிகள் கூடும் விரைவை அளந்தனர். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. துண்டுகள் பலவும் வாளா இருந்தன. ஒன்று மட்டும் விரைந்து கூடிற்று. அதற்கு இணையான வாசகம் கழலைக்குள் இருந்தது! 1977-ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. பிரான் முப்பது ஆண்டுகட்கு முன் பெயரிட்ட பொருள் அகப்பட்டது. தம் முன்னைய முடிபைத் தாமே திருத்தி எழுத நேர்ந்தமைக்கு அவ்வம்மையார் நாணியதாகத் தெரியவில்லை. அளவைக் கருவி காட்டியதையே அன்றும் எழுதினார். காட்டியதையே பின்னும் எழுதினார்.

பாக்டீரியாவின் செய்கை பின்னர்ப் படிப்படியாகத் துலங்கிற்று. செடியில் காயம் பட்டதும் அங்கிருந்து சில பொருள்கள் கசிகின்றன. அவற்றுள் அசிட்டோசிரிங்கோன் என்பது பாக்டீரியாவை எழுப்பிவிடும் அழைப்பாக அமைகின்றது என்பதைக் கெண்ட் நகரத்தார் 1985-இல் கண்டனர். எழுந்த பாக்டீரியா தன் பிளாஸ்மிட்டில் ஒரு பகுதியை மட்டும் ஒற்றைப் புரியாக உரித்தெடுக்கும். அப்பகுதியின் இரு கோடியிலும் இருபத்தைந்து எழுத்துக் கொண்ட எல்லைக்கற்கள் உண்டு. உரித்த புரியின் தலையில் ஒரு புரதம் வழிகாட்டியாக ஒட்டிக்கொள்ளும். நெடுக வேறு புரதங்கள் போர்வையாக மூடிக்கொள்ளும். இரண்டு உயிர்களுக்கும் இடையே அமையும் குழல் போன்ற வாயிலின் வழியே புரி செடியின் செல்லுக்குள் புகுந்து, அதன் நடுக்கருவை அடைந்து, செடியின் டி.என்.ஏ.யோடு கலந்துவிடும்.

இதில் மனிதனுக்கு வாய்ப்பாக அமைந்தது எல்லைக்கற்களே. அவற்றின் இடையில் எழுதியிருப்பது யாதென்று பாக்டீரியா பார்ப்பதில்லை. எழுதியது எதுவாயினும் சுமந்து செல்கின்றது. கழலை செய்யும் மரபணுக்களை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நாம் விரும்பும் மரபணுவை வைத்துவிட்டால், நோய் செய்த கிருமியே பொதி சுமக்கும் காளையாகிவிடும். 1983 சனவரியில் மயாமி நகரில் கூடிய ஆராய்ச்சியாளர் அவையில் சில்டன் குழுவினர், ஷெல், வான் மாண்டகு குழுவினர், மான்சான்டோ நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ஆகிய மூவகையாரும் இதனைச் செய்து முடித்ததாக ஒருங்கே அறிவித்தனர். பாக்டீரியாவின் மரபணு ஒன்று செடிக்குள் நின்று வேலை செய்தது.

அதன்பின் வேலை எளிதாயிற்று. இலையை வட்டமாக நறுக்கிப் பாக்டீரியா உள்ள நீரில் தோய்த்தெடுத்து, ஊட்டப் பொருள் பரப்பிய தட்டில் வைத்து, மரபணு ஏறாத செல்களை மருந்தால் மடியச்செய்து, ஏறியவற்றினின்று செடியை வளர்த்தெடுத்தனர். நெல், கோதுமை முதலிய புல்லினப் பயிர்களைக் கழலைக் கிருமி இயற்கையில் அணுகுவதில்லையாதலால் அவற்றில் இம்முறை செல்லாதென்று பலர் நம்பினர். 1994-இல் ஜப்பானியர் நெல்லின் முளையினின்று வளர்த்த இளந்திசுவில், அசிட்டோசிரிங்கோனையும் சேர்த்துக் கொடுத்து, நெல்லிலும் இது நன்கு செல்லும் என்று காட்டினர்.

எனினும் பெருங்குறை ஒன்று நின்றது. பாக்டீரியா பொதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. சேர்க்கும் இடத்தை நாம் சொல்ல முடிவதில்லை. முகவரி எழுதாத கடிதம்போல அது செடியின் டி.என்.ஏ.யில் எங்கேனும் விழுகின்றது. ஏட்டுச்சுவடியில் இடைச்செருகல் நேர்ந்தால் என்னாகும் என்பதைத் தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் அறிவர். புதிய ஏடு இரண்டு பாட்டுகளுக்கு இடையே விழுந்தால் பெருந்தீங்கில்லை. ஒரு பாட்டின் நடுவே விழுந்தால் அப்பாட்டே சிதைந்துவிடும். அதுபோல, செடிக்கு இன்றியமையாத மரபணுவின் நடுவே புதியது விழுந்தால் அம்மரபணு கெடும். சிலபோது அது ஓசையற்ற மூலையில் விழுந்து வேலை செய்யாமலே கிடக்கும். சிலபோது ஒன்றுக்கு இரண்டு மூன்று படிகளாகவும் விழும். ஆதலின் நூற்றுக்கணக்கான செடிகளை வளர்த்து, ஒவ்வொன்றையும் சோதித்து, ஏற்றதொன்றைத் தேர்ந்து, ஏனையவற்றை எறியவேண்டியிருந்தது. மக்கள் உண்ணும் பயிரில் இத்தகைய குருட்டுத்தன்மை இருத்தல் கூடாது என்று ஐயுற்றோர் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை.

குறையையும் பயன்படுத்திக்கொண்டோர் உண்டு. கலிபோர்னியாவின் சால்க் நிலையத்தார் அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடியில் 2,25,000-க்கு மேற்பட்ட செருகல்களை உண்டாக்கி, அவற்றுள் 88,000-க்கு மேற்பட்டவற்றின் இடங்களைக் குறித்து 2003-இல் வெளியிட்டனர். எந்த மரபணு கெட்டால் செடிக்கு எக்குறை நேர்கின்றது என்று பார்த்து, அம்மரபணுவின் தொழிலை அறியலாம் அன்றோ?

குறை பாக்டீரியாவிடம் உள்ளதா, செடியிடம் உள்ளதா? நெதர்லாந்து நாட்டு லைடன் பல்கலைக் கழகத்தார் இதற்கு விடை தந்தனர். அவர்கள் 1995-இல் அதே பாக்டீரியாவைக்கொண்டு ஈஸ்ட்டுக்குள் டி.என்.ஏ.யைச் செலுத்தினர். செலுத்திய துண்டில் ஈஸ்ட்டின் வாசகமும் சிறிது இருந்தது. அத்துண்டு ஈஸ்ட்டுக்குள் தனக்கு ஒத்த வாசகம் உள்ள இடத்திலேயே சென்று அமர்ந்தது. கொண்டுவந்த பாக்டீரியா ஒன்றே; ஏற்றுக்கொண்ட உயிர் வேறு. எனவே பொதியை இறக்கும் இடத்தை முடிவு செய்வது வீட்டுக்காரனேயன்றி வண்டிக்காரன் அல்லன் என்பது புலனாயிற்று.

செல்லுக்குள் டி.என்.ஏ. அடிக்கடி அறுபடும். அறுந்ததைச் சேர்த்துக்கட்டும் முறை இருவகைப்படும். ஒன்று, அறுந்த இரு முனைகளையும் எவ்வாறேனும் விரைந்து ஒட்டிவிடுதல். அப்போது அருகே கிடக்கும் அயல் துணுக்கும் உடன் சேர்ந்துகொள்ளும். மற்றொன்று, அதே வாசகம் உள்ள வேறு படியைத் தேடி, அதனோடு ஒப்புநோக்கிப் பிழையற எழுதுதல். கிழிந்த ஏட்டைக் கண்டபோது, கிடைத்த ஓலையைக் கொண்டு பொத்திவிடுவோரும் உண்டு. ஊர் ஊராகச் சென்று மற்றொரு சுவடியைத் தேடி ஒப்பிடுவோரும் உண்டு. ஈஸ்ட்டு இரண்டாவது வகை. செடிகளோ பெரும்பாலும் முதல் வகையினவாம். லைடன் நகரத்தார் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியால், பாக்டீரியாவின் துண்டு அராபிடாப்சிஸில் பதிவதற்கும் இத்தகைய அவசர ஒட்டு வேலைக்குரிய ஒரு நொதியே வேண்டப்படுகின்றது என்பது தெரியவந்தது.

ஆயினும் செடியிலும் இரண்டாம் முறை அடியோடு இல்லாமற் போகவில்லை. 1988-இல் புகையிலையின் செல்களுக்குள் டி.என்.ஏ.யை நேரே செலுத்திப் பார்த்தபோதும், 1990-இல் லைடனில் பாக்டீரியாவின் துணையாற் செலுத்திப் பார்த்தபோதும், ஒத்த இடத்தில் அமர்ந்தவை சில அகப்பட்டன. ஆனால் அவை பல்லாயிரத்தில் ஒன்றாகவே இருந்தன. அந்த ஒன்றை எவ்வாறு பொறுக்கியெடுப்பது?

ஜப்பானில் ஒகசாகி நகரத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தெரடா, இயிடா முதலியோர் இதற்கு ஒரு சூழ்ச்சி செய்தனர். நெல்லில் வாக்சி என்னும் மரபணு ஒன்று உண்டு. மாவுப்பொருளின் ஒரு கூறாகிய அமைலோசை அது உண்டாக்குகின்றது. அது கெட்டால் அரிசி சமைக்கும்போது பசைபோல ஒட்டும். ஜப்பானியர் மோச்சி என்னும் பண்டம் செய்வது அத்தகைய அரிசியாலேதான். இம்மரபணுவையே அவர்கள் குறியாகக் கொண்டனர். பாக்டீரியா சுமக்கும் துண்டின் நடுவில் ஒரு மருந்தைத் தாங்கும் வல்லமை தரும் மரபணுவை வைத்தனர். அதன் இருபுறமும் வாக்சியின் வாசகத்தையே நெடிதாக எழுதினர். அவற்றுக்கும் அப்பால், துண்டின் இரு கோடியிலும், செல்லைக் கொல்லும் நஞ்சாகிய தொண்டையடைப்பான் நஞ்சின் மரபணுவை அமைத்தனர்.

சூழ்ச்சியின் நுட்பம் இதுதான். துண்டு கண்ட இடத்தில் விழுமாயின், முழுவதும் விழும். கோடியிலுள்ள நஞ்சு அச்செல்லைக் கொன்றுவிடும். ஒத்த இடத்தைக் கண்டு அமருமாயின், ஒப்புநோக்கி எழுதும்போது வாக்சியின் வாசகமும் அதனிடைப்பட்ட நடுப்பகுதியுமே ஏறும். ஒப்பில்லாத கோடிகள் உதிர்ந்து போகும். அச்செல் நஞ்சினின்றும் தப்பும்; மருந்தையும் தாங்கும். துண்டு ஏறாத செல்லோ மருந்துக்கு இரையாகும். தவறான இடத்தை நாடியவற்றைத் தாமே மாய்த்துக்கொள்ளச் செய்த இம்முறை, கடுமையானதேயாயினும் அழகியது.

அவ்வாறு செய்தும், பிழைத்த திசுக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றே உண்மையில் ஒத்த இடத்தில் அமர்ந்ததாக இருந்தது. ஏனையவை துண்டின் கோடிகள் வழியில் முறிந்துபோனமையால் நஞ்சைத் தப்பியவை. ஆறு நெற்செடிகள் தேறின. அவை பூத்துக் கதிர் ஈன்றன. 2002-இல் இச்செய்தி வெளியாயிற்று. நெற்செடியில் இரண்டு படிகளாக உள்ள வாக்சியுள் ஒன்று மட்டும் கெட்டிருக்குமாயின், அதன் மகரந்தத்தை அயோடின் கரைசலில் இட்டுக் காணலாம்: பாதித் துகள்கள் கருநீலமாகவும் பாதி செம்பழுப்பாகவும் நிறம் கொள்ளும். பல்லாயிரம் செல்களினின்று தேர்ந்தெடுத்த ஒரு மாற்றம் கண்ணுக்கு நேரே இருநிறமாய்ப் பிரிந்து நிற்கும் காட்சி அது.

இவ்வளவு பாடின்றி, செடியையே ஒப்புநோக்கத் தூண்ட முடியாதா? ஒப்புநோக்குவது அறுபட்ட இடத்திலன்றோ? குறித்த இடத்தில் நாமே அறுத்துவிட்டால் செடி அங்கே சீர்செய்ய முனையும். அவ்வேளையில் ஒத்த துண்டு அருகிலிருந்தால் அதனைப் பார்த்து எழுதிக்கொள்ளும். ஹோல்கர் புக்டா முதலியோர் ஈஸ்ட்டினின்று எடுத்த ஒரு வெட்டு நொதியைக்கொண்டு புகையிலையில் இதனைச் செய்து, ஒத்த இடத்தில் அமரும் வாய்ப்பு ஏறத்தாழ நூறு மடங்கு பெருகுதலை 1996-இல் காட்டினர். ஆனால் அந்நொதி தனக்குரிய பதினெட்டு எழுத்துத் தொடரை மட்டுமே வெட்டும். அத்தொடரை முன்னரே செடிக்குள் வைத்திருந்தாலன்றிப் பயனில்லை. நாம் விரும்பும் இடத்தை வெட்டும் கத்தி 2012-இல் கிடைத்தது. ஜெனிபர் டவுட்னா, இம்மானுவேல் சார்பென்டியர் என்னும் இரு பெண்மணிகள் பாக்டீரியாக்களின் தற்காப்புக் கருவியாகிய காஸ்-9 என்னும் புரதத்தை, இருபது எழுத்து வழிகாட்டி ஒன்றைக்கொண்டு வேண்டிய இடத்திற்கு ஏவலாம் என்று காட்டினர். அடுத்த ஆண்டிலேயே செடிகளிலும் அது பயன்பட்டது. 2020-இல் அவ்விருவர்க்கும் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அக்கத்தியையும் வழிகாட்டியையும் செடிக்குள் கொண்டுசேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நம் பழைய கழலைப் பாக்டீரியாவே.

இனிக் கவலையில்லை என்று இதனாற் கூறிவிட இயலாது. கத்தி இடத்தைக் குறிக்கின்றது. சீர்செய்வது இன்றும் செடியே. வெட்டிய இடத்தில் அது ஒப்புநோக்காமல் அவசரமாக ஒட்டிவிடுதலே மிகுதி. ஒரு மரபணுவைக் கெடுக்க வேண்டுவார்க்கு அது போதும். புதியதொன்றைப் பிழையறச் செருக வேண்டுவார்க்குப் போதாது. வெட்டிய வாயில், பாக்டீரியா கொண்டுவந்த துண்டின் சிதைவுகளும் சிலபோது ஒட்டிக்கொள்கின்றன. எனவே குறித்த இடத்தில் அமர்ந்ததா, முழுமையாக அமர்ந்ததா, வேறெங்கேனும் மற்றொரு படி ஒளிந்துள்ளதா என்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்காமல் எச்செடியையும் வயலுக்கு அனுப்புதல் தகாது.

கழலைப் பாக்டீரியாவின் செய்கையை ஆய்வுக்கூடத்துப் புதுமை என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2015-ஆம் ஆண்டில் சருக்கரைவள்ளிக் கிழங்கின் டி.என்.ஏ.யைப் படித்த ஆராய்ச்சியாளர், அதனுள் அக்ரோபாக்டீரியத்தின் வாசகம் இருக்கக் கண்டு திகைத்தனர். பயிரிடப்படும் வகைகளில் 291-ஐச் சோதித்தனர். 291-இலும் அது இருந்தது. எழுத்தும் ஆய்வுக்கூடமும் தோன்றுதற்கு முன்னரே, ஏதோ ஒரு காயத்தின் வழியாக அக்கிருமி அதனுட் புகுந்து தன் ஏட்டைச் செருகிவிட்டிருந்தது. அவ்வேட்டைச் சுமந்த கிழங்கைத்தான் அவித்தும் சுட்டும் உலகத்தார் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்திருக்கின்றனர்.